காதும் கிழக்கும் சேர்ந்த பெயர்

இரசாயன ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற மூன்று பேர் வைத்துவிட்டுப் போன கையெழுத்துகளில்தான் அது என் கண்ணில் பட்டது. தட்டச்சுப் பட்டியலின்படி முதலாமவன் சான், ஹொங்கொங்கிலிருந்து வந்தவன். அடுத்தவன் சென், தாய்வான்காரன். மூன்றாவது ஒரு பெண், டான், பினாங்கு. ஆனால் மூவரும் சீனத்தில் போட்டிருந்த கையெழுத்தின் முதல் எழுத்து ஒன்றேதான். இடப்பக்கம் ஒரு மடிப்பு. வலப்பக்கம் ஒரு பெட்டி, அதைக் குத்திக்கொண்டு இறங்கும் ஒரு கோடு, கீழே பரப்பிய இரண்டு கால்கள். மேலிருந்து கீழே மூன்று தடவை அதே எழுத்து.

பினாங்குக்காரி கதவடியில் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள். "நீங்கள் மூண்டு பேரும் சொந்தக்காரரோ?" என்று கேட்டேன். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். இங்கே எல்லோரையும் எங்கடை பேச்சில் பேச விடுகிறேன், எனக்கு அப்படித்தான் எழுத வருகிறது.

"இல்லை தம்பி" என்றாள். அந்தத் 'தம்பி' மட்டும் தமிழ். பினாங்கில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் தமிழ்க் குடும்பம். தம்பி, ஐயோ, போதும் என்று மூன்று சொற்களோடு கனடா வந்திருக்கிறாள். என்னைவிட எட்டு மாதம் இளையவள். "சொந்தமில்லை. ஒரே பேர். ஊருக்கு ஊர் வாய் வேறை, அவ்வளவுதான். எழுத்தை ஆரும் கேட்டால் காது-கிழக்கு எண்டு சொல்லுவம். இந்தப் பக்கம் காது, அந்தப் பக்கம் கிழக்கு."

அவ்வளவுதான். அன்றைய பரிசோதனை அறிக்கையின் பின்பக்கத்திலேயே அட்டவணை போடத் தொடங்கிவிட்டேன். அதனால் ஒரு மனிதர் இந்த நாட்டிலிருந்து அனுப்பப்படக்கூடும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. இதை எழுதும்போதும் அந்தப் பயம் போகவில்லை. அதனால்தான் இதில் ஒருவருடைய முழுப் பெயரும் இல்லை. கடை இருக்கும் தெருவின் பெயரும் இல்லை.

என் பெயர் விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த பிழை விளங்காது. விமான நிலையத்தில் அதிகாரி குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்கு ஏது? அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வகுப்பில் அப்பாவைக் கூப்பிட நான் எழும்பி நிற்கிறேன். அப்பாவோ யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கடிதங்களில் தன் தகப்பனின் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக் கையெழுத்து வைக்கிறார். நாளைக்கு எனக்கொரு பிள்ளை பிறந்தால் அதற்கு என் பெயர் வரும். தகப்பன் ஒரு பெயரில், மகன் இன்னொரு பெயரில் இருப்பது எங்களுக்கு இரண்டு பேர் இரண்டு சேட்டுப் போட்டிருப்பது மாதிரி. அதில் மறைக்க என்ன இருக்கிறது?

செப்ரெம்பர் முழுக்க அட்டவணை வளர்ந்தது. கந்தோன் வாயில் சான். மாண்டரினில் சென். ஹொக்கியன் ஆட்களுக்கு டான். முதன்முதலில் கனடா வந்து ரயில் பாதை போட்ட தோய்சான் ஆட்களிடம் சின். சரவாக் போன பூச்சௌ ஆட்களிடம் டிங். கொரியாவில் ஜின், வியட்நாமில் திரான். எங்கள் ஃபிளாற்றில் நாங்கள் ரொறன்ரோ என்று எழுத, கூட இருக்கும் தஞ்சாவூர்க்காரர் டொராண்டோ என்று எழுதுவார். இந்த ஒரு எழுத்தோ அரைவாசி ஆசியாவில் வேறு வேறு உடுப்போடு திரிந்தது. எனக்கு நித்திரை வரவில்லை.

பிறகு ரெலிபோன் புத்தகத்தை எடுத்தேன். சானும் சென்னும் சின்னும் பக்கம் பக்கமாக இருந்தார்கள். ஒவ்வொரு இலக்கமாகச் சுழற்றி, "வணக்கம், நீங்கள் காது-கிழக்கோ?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர் பாட்டு மாதிரி நீளமாக ஏதோ சொன்னார். ஒரு பெண் மட்டும் மெல்லக் கேட்டாள்: "நீர் இமிக்கிரேஷனோ?"

"இல்லை, நான் ஸ்ரூடன்ற். இது ஒரு ஆராய்ச்சி."

பின்னால் ஒரு ஆண்குரல் பதற்றமாக ஏதோ கேட்டது. லைன் அறுந்தது. நான் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த இலக்கத்தைச் சுழற்றினேன்.

"டேய், உந்தப் போனை வையடா" என்று அண்ணை கத்துவார். அண்ணை என்பது என்னோடு செயின்ற் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருப்பவர், சாவகச்சேரி ஆள், மிசிசாகாவில் ஒரு கொம்பனியில் எஞ்சினியர். "சனத்துக்குப் போன் பண்ணி உன்ரை பேர் என்ன, காதோ மூக்கோ எண்டு கேக்கிறாய். எனக்குப் போன் பண்ணியிருந்தால் வந்து உதைச்சிருப்பன்."

"அண்ணை, உது வரலாறு."

"உன்ரை வரலாற்றை விட்டிட்டு முதல் சோதினை பாஸ் பண்ணு."

நான் சேட்டுத் தோய்க்கக் கொடுக்கும் கடை ஒரு சீனருடையது. நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். இஸ்திரிப் பெட்டியின் ஆவிக்குள் எப்போதும் பாதி முகம்தான் தெரியும். மனைவி பின்னால் ஒரு ஸ்டூலில் இருந்து பொத்தான் தைப்பார். கடைப் பலகையில் வேறொரு குடும்பப் பெயர் இருந்தது. அதை எழுத மாட்டேன். அவர் என்னை 'ஸ்ரூடன்ற்' என்றுதான் கூப்பிடுவார். "ஸ்ரூடன்ற், கழுத்தெல்லாம் கறுப்பாய்க் கிடக்கு, புத்தகத்தைக் கழுத்தாலை படிக்கிறியோ?" என்பது அவர் வழக்கமான நக்கல்.

ஒரு வியாழக்கிழமை மற்றவர்கள் இல்லாத நேரம் அந்த எழுத்தை ஒரு தாளில் பெரிதாக வரைந்து கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் கையைத் துடைத்தார். குனிந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் தன் காதைத் தொட்டார்.

"அப்பாவின்ரை" என்றார்.

"என்னது?"

"என்ரை அப்பா உது தான். சின்."

பின்னால் ஊசி நின்றது. மனைவி ஏதோ சொன்னார், இரண்டு சொல்தான். அவர் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "சேட் வெள்ளிக்கிழமை. போ."

எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்பா சின், மகன் வேறு. என் அப்பா ஒன்று, நான் வேறு. வாசலைத் தாண்டியதும் கொப்பியைத் திறந்து கடை விலாசம், பலகைப் பெயர், 'தகப்பன்: சின்' என்று வடிவாக எழுதினேன். அன்றிரவே அட்டவணையைத் தட்டச்சு செய்தபோது அதையும் சேர்த்தேன். கார்பன் வைத்து இரண்டு பிரதி.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பினாங்குக்காரி என்னைச் சீனர் பகுதிக்குக் கூட்டிப்போனாள். ஒரு மளிகைக் கடைக்கு மேலே, செங்குத்தான படிகள் ஏறினால், காது-கிழக்குக்காரரின் சங்க மண்டபம். ஒரே பெயர் உள்ளவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தாலும் அங்கே சகோதரர். ஒருவருக்கு வேலை இல்லையென்றால் மற்றவர் தேடுவார், செத்தால் சேர்ந்து தூக்குவார்கள். சுவரில் மூதாதையர் படங்கள், ஊதுபத்தி, மூன்று மேசைகளில் மாஜொங் ஆட்டக் கட்டைகளைக் கலக்கும் சத்தம், தேத்தண்ணி. முப்பது பேரளவில் இருந்தார்கள், எல்லோரும் ஆண்கள்.

என் அட்டவணையைப் பார்த்துச் செயலாளர் சந்தோஷப்பட்டார். திரானைக் காட்டி மற்றவர்களைக் கூப்பிட்டார். டிங்கைப் பார்த்து ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஒரு கறுத்தப் பெடியன் வந்து எங்கடை சொந்தக்காரரைக் காட்டித் தாறான்" என்று யாரோ சொல்ல, பினாங்குக்காரி அதை எனக்கு மொழிபெயர்த்தாள். எனக்குத் தலை கால் தெரியவில்லை.

"உங்கடை சங்கப் பேர் இடாப்பிலை இல்லாத ஒரு ஆளையும் நான் கண்டுபிடிச்சிருக்கிறன்" என்றேன். தாளைத் தூக்கிப் பிடித்து விலாசத்தையும், பலகையிலிருக்கும் பெயரையும், தகப்பனின் பெயரையும் உரத்து வாசித்தேன்.

மாஜொங் கட்டைகள் நின்றன. மூன்று மேசையிலும் ஒரே நேரத்தில். செயலாளர் மிகவும் மரியாதையாக, "அவரே உம்மட்டைச் சொன்னவரோ?" என்று கேட்டார்.

"ஓம். தன்ரை வாயாலை."

சுவரோரம் இருந்த ஒருவர் எழும்பினார். தொப்பியை எடுத்தார். தேத்தண்ணிக் கோப்பை பாதியில் இருந்தது. யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்து படியால் இறங்கிப் போனார். செயலாளர் என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தார். பினாங்குக்காரி என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவுக்கு வந்துதான் கையை விட்டாள்.

"ஐயோ தம்பி" என்றாள் பிறகு. "உனக்கு என்ன விசரோ?"

"ஏன்?"

"எங்களுக்குத் தகப்பன்ரை பேர்தான் பிள்ளையின்ரை பேர். ஆயிரம் வருஷம் போனாலும் அதுதான். கலியாணம் கட்டின பொம்பிளைகூடத் தன்ரை தகப்பன்ரை பேரை விடமாட்டாள். அப்பா சின், மகன் வேறை எண்டால் அதுக்குக் கருத்து ஒண்டுதான். அந்த மனிசன் வேறை ஒருத்தன்ரை கடுதாசியிலை வந்தவர்."

நடைபாதையில் நின்றபடியே சொன்னாள். இந்த நாடு சீனருக்குக் கன வருடங்கள் கதவைப் பூட்டி வைத்திருந்ததாம். பிறகு கொஞ்சம் திறந்தபோது, ஏற்கெனவே இங்கே இருப்பவரின் பிள்ளைகள்தான் வரலாம். பிள்ளை செத்துப்போனவர்கள், பிறக்காத பிள்ளையைப் பதிந்து வைத்தவர்கள், அந்தக் கடிதாசிகளை மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். பதினாறு வயதுப் பெடியன் இன்னொருவனின் மகனாகி, அந்தக் குடும்பத்தின் பெயர்களைப் பாடமாக்கிக் கப்பலேறினான். பிடிபட்டால் திருப்பி அனுப்பலாம். உண்மையைத் தாங்களாகவே வந்து சொல்லுகிறவர்களை ஒன்றும் செய்யமாட்டோம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. கனபேர் போய்ச் சொன்னார்கள். பயத்தில் போகாதவர்களும் இருந்தார்கள். அந்தத் தவணை போன வருடம் முடிந்துவிட்டது.

"ஆனால் மண்டபத்திலை எல்லாரும் அவரின்ரை ஆக்கள்தானே" என்றேன்.

"முப்பது பேர். இருபத்தொன்பது பேர் வாய் திறக்க மாட்டினம். மிச்சம் ஒண்டு ஆர் எண்டு உனக்குத் தெரியுமோ? எழும்பிப் போனாரே, அவர் ஆர்?"

தெரியாது. அவளுக்கும் தெரியாது.

தெருவில் ஓடும் ஸ்ரீட்கார் ரயிலில் ஏறிக் கடைக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டு. திங்கட்கிழமை காலை வகுப்புக்குப் போகாமல் மறுபடி போனேன். பூட்டு. திங்களில் அந்தக் கடை பூட்டி நான் கண்டதில்லை. கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் இஸ்திரி மேசை வெறுமையாக இருந்தது. சுவர்த் தட்டில் மண்ணிறக் கடிதாசியில் சுற்றிய பொதிகள் வரிசையாக, என்னுடையதும் அதற்குள். கதவைத் தட்டினேன். உள்ளே திரை அசைந்தது. மனைவி வந்து சங்கிலி போட்டபடியே ஒரு சாண் திறந்தார். என் முகத்தைக் கண்டதும் உள்ளே போய் ஒரு பொதியைக் கொண்டுவந்து அந்த இடைவெளிக்குள்ளால் தள்ளினார். கதவு மூடியது. பொதியைப் பிரித்தேன். சேட்டுகள் தோய்க்கப்படவில்லை. கழுத்துக் கறுப்பு அப்படியே இருந்தது.

நான் பொதியோடு அந்த நடைபாதையிலேயே நின்றேன். அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா? யாரிடம் கேட்பது? கேட்டால் அதுவே காட்டிக்கொடுப்பதாகிவிடாதா? தெருவில் ஒரு சாம்பல் நிறக் கார் மெதுவாகப் போனது. அதற்குள் இருந்த இரண்டு பேரும் கடையைப் பார்த்தது மாதிரி இருந்தது. என்னையும் பார்த்தது மாதிரி இருந்தது. வீட்டுக்கு நேரே போகாமல் இரண்டு தெரு சுற்றிப் போனேன்.

அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எங்கடை கதவிலை எத்தினை பேர் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"இருக்கிறது எத்தினை பேர்?"

"நாலு."

"கீழை இருக்கிற சுப்பரின்ரன்டன்ற் தட்டினால் என்ன செய்யிறனாங்கள்?"

கட்டடம் பார்க்கிற அந்த ஆளின் கணக்கில் ஒப்பந்தப்படி இரண்டு பேர்தான், அதனால் மற்ற இரண்டு பேரும் குளியலறைக்குள் போய் நிற்போம். போன மாதம் நான் ஈரத் தலையோடு, கையில் பூரிக்கட்டையோடு நின்றேன்.

"அந்த நேரம் ஒருத்தன் லொபியிலை நிண்டு எங்கடை பேர் நாலையும் உரத்து வாசிச்சால்?" அவர் கேட்டுவிட்டு எழும்பிப் போய்ச் சோற்றை வடித்தார். தட்டை எனக்கு முன்னால் வைத்தபோது, "உன்ரை மற்றப் பிரதி எங்கை?" என்றார்.

மேசையின் இழுப்பு லாச்சியில் இருந்தது. எடுத்து அந்த ஒரு வரியைக் கிழித்தேன். போதாது என்று பட்டது. முழுத்தாளையும் கிழித்தேன். பிறகு கொப்பியின் பக்கம். பிறகு கார்பன் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன், கடையின் விலாசம் அதில் வடிவாகத் தெரிந்தது. அதையும். ஆனால் ஒரு பிரதி செயலாளரின் பைக்குள் இருந்தது.

செவ்வாயும் புதனும் கடை பூட்டு. எங்கள் கதவை யார் தட்டினாலும் நான் குளியலறைக்குள் போனேன். ரெலிபோன் மணி அடித்தால் நான் எடுப்பதில்லை. 'நீர் இமிக்கிரேஷனோ' என்று கேட்ட பெண் எத்தனை நாள் இப்படி இருந்தாளோ.

வியாழக்கிழமை பின்னேரம் கடையில் வெளிச்சம் இருந்தது. ஆவியும் இருந்தது. உள்ளே போவதா ஓடுவதா என்று தெரியாமல் நின்றேன். அவரே கையைக் காட்டி வரச்சொன்னார்.

"ஸ்ரூடன்ற். கதவைச் சாத்து."

சாத்தினேன். மனைவி ஸ்டூலில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவரோரம் இன்னொருவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மண்டபத்தில் தேத்தண்ணியைப் பாதியில் விட்டு எழும்பிப் போனவர்.

"உவர் என்ரை ஊர்க்காரர்" என்றார் கடைக்காரர். "நீ வாசிச்ச உடனை நேரை இஞ்சை வந்தவர். கெதியாய் உடுப்பை எடு, ஒளி எண்டார். மிசிசாகாவுக்கு அங்காலை உவரின்ரை மரக்கறித் தோட்டம். நாலு நாள் முட்டைக்கோவாப் பாத்திக்குப் பக்கத்திலை, குடிலுக்குள்ளை கிடந்தனான்."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்குத் தெரியாது. எங்களுக்குள்ளை தகப்பனுக்கும் மகனுக்கும்..."

"சொன்னவள். பினாங்குப் பிள்ளை வந்து சொன்னவள். உங்களுக்குக் குடும்பப் பேரே இல்லையாம்." அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "பிழை என்ரையும்தான். இருபத்தஞ்சு வருஷமாய் ஒருத்தரும் உந்த எழுத்தைக் கொண்டுவந்து என்ரை மேசையிலை வைக்கேல்லை. வாய் தானாய்ச் சொல்லிப்போட்டுது."

"பிறகு ஏன் திரும்பி வந்தனீங்கள்?"

அவர் சுவர்த் தட்டைக் காட்டினார். "ஆக்களின்ரை சேட் உள்ளுக்கை கிடக்கு. வெள்ளிக்கிழமை எண்டு சொன்னனான்."

தொப்பிக்காரர் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். செயலாளர் கொடுத்துவிட்டதாம். என் அட்டவணை. சான், சென், டான், டிங், ஜின், திரான் எல்லாம் அப்படியே இருந்தன. சின்னுக்குக் கீழே மட்டும் கத்தரிக்கோலால் ஒரு நீள்சதுரம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அந்த ஓட்டைக்குள்ளால் என் பெருவிரல் தெரிந்தது.

"வெட்டினால் மறக்குமோ?" என்றார் கடைக்காரர். "இப்ப முப்பது பேருக்குத் தெரியும். இனி ஒவ்வொரு நாளும் கதவைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது. ஆரும் போய்ச் சொல்ல முந்தி நானே போறன்."

மனைவி முதல்தடவையாக நிமிர்ந்தார். அவர் கண்ணில் இருந்தது கோபமல்ல, என்னிடம் இருந்த அதே பயம்தான்.

"தவணை முடிஞ்சுதே" என்றேன்.

"முடிஞ்சுது. அண்டைக்கும் பயம், இண்டைக்கும் பயம். நீ எழுதினாய், இப்பவும் நீயே எழுது. என்ரை இங்கிலிஷ் சேட்டுக்குக் காணும், உதுக்குக் காணாது."

மறுநாள் யூனிவர்சிற்றியில் மாணவர்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் போனேன். ஊர், பெயர், தெரு ஒன்றும் சொல்லாமல் கேட்டேன். தானாக வருகிறவரைப் பெரும்பாலும் கடுமையாக நடத்துவதில்லை, ஆனால் உறுதி தர முடியாது என்றார். கூடப் போகும் வெளிநாட்டு மாணவரின் விசாவுக்கு ஏதும் வருமா என்றும் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்கும் உறுதி தர முடியாது என்றார். அண்ணையிடம் அந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லவில்லை. அவராகவே, "உன்ரை நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போ" என்றார்.

இதை எழுதலாமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். எந்த மொழியில் என்று விசாரித்தார். தமிழ் என்றேன். "அப்ப எழுது, ஒரு சீனனும் வாசிக்க மாட்டான்" என்றார். பெயர் ஒன்றும் வேண்டாம் என்றார் மனைவி. அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

நேற்றுப் பின்னேரம் கடையின் பின்னறையில் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தேன். பிறந்த ஊர், கப்பல், கடிதாசியில் தகப்பனாக இருந்தவர், உண்மையான தகப்பன். குடும்பப் பெயர் என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். என் அட்டவணை பக்கத்தில் கிடந்தது. எப்படி எழுதட்டும் என்று கேட்டேன், ஹொங்கொங் ஆட்கள் மாதிரியா, இங்கே பலருக்குத் தெரிந்த மாதிரியா?

"அப்பா சின் எண்டுதான் சொல்லுவார்" என்றார்.

அப்படியே அடித்தேன். கார்பன் வைக்கவில்லை. ஒரே ஒரு பிரதி, அது அவரிடம்.

புதன்கிழமை காலை எட்டேகாலுக்கு நாங்கள் மூவரும் ஸ்ரீட்கார் எடுக்கிறோம். மனைவியும் வருகிறார். அவர் என் வெள்ளைச் சேட்டைத் தோய்த்து வைத்திருக்கிறார், கழுத்து உட்பட. இமிக்கிரேஷன் அலுவலகத்தில் நான் கடைக்காரருக்குப் பக்கத்தில் இருந்து, கேட்டதை எளிய இங்கிலிஷில் அவருக்கும் அவர் சொன்னதை அவர்களுக்கும் மட்டும் சொல்லப்போகிறேன். கேட்காத ஒன்றையும் சொல்லாமலிருக்கப் பார்க்கப்போகிறேன். இரண்டு நாளாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகுகிறேன். அண்ணை மணிக்கூட்டைப் பார்க்கிறார். இதுவரை ஆகக்கூடியது நாலு நிமிடம்.